எட்டு மணிக்குத் திறக்கும் ஜன்னல்

க்ராமா நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் மூன்றே பேர். மூவருக்கும் வண்டி காத்திருந்தது. இரண்டு நிமிடத்தில் நடைமேடை காலி. பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, இருட்டுக்குள்ளிருந்து "அக்கா!" என்று ஒரு குரல் வந்தது.

மதியம் பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறி, நான்கு மணி நேரத்துக்கு மேல் தெற்கே வந்து, பிரீவில் இறங்கி, இரண்டே பெட்டிகள் கொண்ட ஒரு சின்ன ரயிலுக்கு மாறி வந்திருந்தேன். முதுகு வலித்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வலி பாதி குறைந்துபோனது உண்மை.

அவள் ஆய்வு வேலையாகப் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தவள். தமிழை என் அம்மாவிடமும், தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் காய்கறிக்காரரிடமும் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷம் ஆகியும் அந்தத் தமிழ் அப்படியே இருக்கிறது. "சாப்டீங்களா? கைய குடுங்க, ஐஸா இருக்கு" என்று என் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். அவள் கணவர் பெட்டியைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்தார். அவருக்குத் தமிழில் "வணக்கம்", "போதும்" என்று இரண்டு சொற்கள் தெரியும். இரண்டையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

போன வசந்தத்தில் தொலைபேசியில் அழைத்து, "பாட்டி வீட்டை எடுத்துட்டோம் அக்கா. தங்க வர்ற மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லியிருந்தாள். அந்த அழைப்பை நம்பித்தான் விசாவுக்கு விண்ணப்பித்தேன்.

ஊர் விளக்குகள் முடிந்ததும் சாலை ஒரு மேட்டு நிலத்தில் ஏறியது. இதைக் கோஸ் என்கிறார்கள். தென்மேற்கு பிரான்சின் லோத் மாவட்டத்தின் நடுவே பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் பீடபூமி. கெர்சி என்று பழைய பெயர் கொண்ட இந்தப் பகுதியில் நான்கு கோஸ்கள் உண்டு, க்ராமாவின் கோஸ்தான் அவற்றில் பெரியது. கார் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் சாலையின் இருபுறமும் ஓடும் கல் சுவர்கள், அவற்றின் பின்னே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்து நின்றுவிட்ட ஓக் மரங்கள். சிமெண்ட், காரை எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் அவை. மண் மிகவும் மெல்லியது. உழுவதற்கு முன் கல்லைப் பொறுக்கினால்தான் உழவே முடியும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது போட வேண்டுமே, அதுதான் சுவராகிவிட்டது. எத்தனை தலைமுறை குனிந்து பொறுக்கிய கல் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தி எல்லா விளக்கையும் அணைத்தாள். "கீழ எறங்குங்க. மேல பாருங்க."

இந்தப் பகுதிக்கு 'கெர்சியின் கறுப்பு முக்கோணம்' என்றொரு பெயர் உண்டு. பிரான்சிலேயே இரவு வானம் மிக இருட்டாக இருக்கும் இடங்களில் ஒன்று. நான் சிறுவயதில் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணியவள்தான். ஆனாலும் பால்வீதியை இப்படி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, மாவு கொட்டியதுபோல் பார்த்ததில்லை. குளிரில் பல் கிட்டித்தது. மூன்று பேரும் பேசாமல் நின்றோம். எங்கோ ஒரு ஆட்டின் கழுத்து மணி கேட்டது.

வீட்டின் முன்னால் இறங்கியபோது முதலில் தெரிந்தது படிக்கட்டு. இந்தப் பகுதியின் பழைய விவசாய வீடுகளில் மக்கள் மாடியில்தான் வாழ்ந்தார்கள். கீழ்த்தளம் ஆடுகளுக்கும் மது பீப்பாய்களுக்கும். ஆகவே வீட்டுக்குள் நுழைய வெளியிலிருந்தே கல் படி ஏற வேண்டும். படியின் உச்சியில் கூரை போட்ட ஒரு சின்னத் திண்ணை. அதன் பெயர் பொலே. திண்ணை என்று நானாகச் சொல்லவில்லை. புதுச்சேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் முதல்முறை உட்கார்ந்தபோதே அவள் "எங்க பாட்டி வீட்லயும் இது இருக்கு, ஆனா மேல இருக்கும்" என்று சொன்னது இப்போது ஞாபகம் வந்தது.

உள்ளே நுழைந்ததும் சுண்ணாம்பு மணம். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீட்டின் அதே ஈர மணம்! நின்றுவிட்டேன். சுவர்களில் யாரோ முன்னொரு காலத்தில் பூசிவிட்டுப் போன சிமெண்ட்டை அவள் கணவர் ஆறு மாதம் உளி வைத்துப் பெயர்த்தெடுத்திருக்கிறார். முக்கால் மீட்டர் தடிமனுள்ள கல் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட வேண்டும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் அழுகும். அதனால் மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசியிருக்கிறார்கள், சில அறைகளில் ஹெம்ப் என்ற நார்ச்செடியின் தண்டுத் துகளைக் கலந்து. செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளுக்கு நாம் செய்த அதே தவறு, அதே திருத்தம். எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் கோபம் உண்டு. நூறு வருஷம் நின்ற சுவரை மூட்டை சிமெண்ட் பத்து வருஷத்தில் நோயாளியாக்கிவிடும்.

சமையலறைதான் வீடு. ஒரு முழுச் சுவரையும் அடுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய கல் அடுப்பு, உள்ளேயே இரண்டு பக்கமும் உட்கார இடம் உண்டு. காந்து என்பார்கள். அந்த ஊர்ப் பழைய மொழியான ஒக்ஸித்தானில் 'மூலை' என்று பொருள். நெருப்புக்குப் பக்கத்தில் இல்லை, நெருப்பு இருக்கும் மாடத்துக்குள்ளேயே உட்காருகிறோம். என்னை அங்கே உட்காரவைத்து, பூசணியும் வெங்காயமும் போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்பதால், வாத்துக் கொழுப்பு இல்லாமல் வால்நட் எண்ணெய் விட்டுச் செய்தது. வாத்து இல்லாத சமையல் இந்தப் பக்கம் அரிது, அதற்காக அவள் எவ்வளவு யோசித்திருப்பாள் என்பது அடுத்தடுத்த நாட்களில்தான் புரிந்தது.

அடுப்புக்கு எதிரே ஆள் உயரக் கடிகாரம் ஒன்று நின்றது. கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் செய்து, 19-ஆம் நூற்றாண்டில் நாடு முழுக்க விற்ற கோம்த்வாஸ் கடிகாரம். வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது அது ஒன்பது அடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒன்பது அடித்தது. கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். நான் கேட்பதற்குள் தூக்கம் கண்ணைக் கட்டிவிட்டது.

எனக்குக் கொடுத்த அறை படிக்கட்டுக்கு மேலே, கிழக்குப் பக்கம். இரும்புக் கட்டில், கனத்த லினன் விரிப்பு, அதன் மூலையில் சிவப்பு நூலால் இரண்டு எழுத்து. கல்யாணச் சீராக வந்த விரிப்பு என்றாள். "இது பாட்டி ரூம். இப்பதான் சுவர் காஞ்சுது. ஜன்னல் கதவு போன வாரம்தான் மாட்டுனாரு" என்று சொல்லிவிட்டு, விளக்கை எனக்காக எரியவிட்டுப் போனாள்.

காலையில் அறை கும்மிருட்டு. ஜன்னல்களுக்கு வெளியே கெட்டியான மரக்கதவு இருக்கும், வொலே என்பார்கள். பிரெஞ்சு கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் அதைச் சாத்திவிடுவார்கள். புதுச்சேரியின் வெள்ளை நகரத்திலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு, ஆனால் அவை வெயிலுக்கும் காற்றுக்குமான சட்டக் கதவுகள். இது பலகை. ஒரு துளி வெளிச்சம் வராது. மணி என்ன என்று தெரியாமல் படுத்திருந்தபோது கீழே கடிகாரம் அடித்தது. பாதியில் விழித்ததால் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி கண்ணை மூடினேன். இரண்டு நிமிடம் இருக்கும், மறுபடியும் அடித்தது. இந்த முறை எண்ணினேன். எட்டு.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கடிகாரத்தின் வேலையே அப்படித்தான். முதல்முறை எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டு நிமிடம் கழித்து அதே மணியைத் திரும்ப அடிக்கும்.

எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, கொக்கியை விடுவித்து, இரண்டு பலகைகளையும் வெளியே தள்ளினேன். கனமானவை. சுவரோடு சேர்ந்து நிற்க, ஒவ்வொரு பக்கமும் ஒரு சின்ன வார்ப்பிரும்பு மனிதத் தலை இருந்தது. உடம்பை வெளியே நீட்டி அந்தத் தலையை நிமிர்த்தினால் கதவு காற்றுக்கு ஆடாமல் நிற்கும். அக்டோபர் நடுவில் அங்கே எட்டு மணிக்குத்தான் வெளுக்கும். பனிமூட்டத்துக்குக் கீழே புல், புல்லின் முடிவில் ஒரு கல் வீடு, அதன் புகைபோக்கியில் மெல்லிய புகை. அந்த வீட்டின் ஜன்னலில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். நான் கையை அசைத்தேன். அந்த உருவம் அசையவில்லை.

கால் மணி நேரத்தில் படிக்கட்டில் கைத்தடிச் சத்தம். எதிர்வீட்டுப் பாட்டி. 86 வயது. நீல நிற வேலை அங்கி, ரப்பர் பூட்ஸ். சமையலறைக்குள் வந்தவர் என் தோழியின் கன்னத்தில் முத்தமிடவில்லை, உட்காரவில்லை. என்னையே பார்த்தார்.

"ஜன்னலைத் திறந்தது நீங்களா?"

ஆமாம் என்றேன். தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"இரண்டாவது மணிக்குத் திறந்தீர்கள்" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை என் தோழி பாதி தமிழிலும், நான் பாதி பிரெஞ்சிலுமாகப் புரிந்துகொண்டு சேர்த்தது இது. அவரும் என் தோழியின் பாட்டியும் அறுபது வருஷம் எதிரெதிரே வாழ்ந்தவர்கள். இருவரும் கணவனை இழந்தபின் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் எட்டு மணி, கோடையில் ஏழு மணி. முதல் மணி அடித்ததும் காலைத் தரையில் வைக்க வேண்டும், இரண்டாவது மணிக்கு ஜன்னல் திறக்க வேண்டும். அவர் வீட்டிலும் அதே மாதிரிக் கடிகாரம். எதிரில் ஜன்னல் திறந்தால் இன்னொருத்தி உயிரோடு இருக்கிறாள், நலமாக இருக்கிறாள். திறக்காவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். தொலைபேசி வந்த பிறகும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை. "தொலைபேசியில் பேசினால் நலம் என்று பொய் சொல்லிவிடலாம்" என்றார்.

ஒரு பிப்ரவரி காலை ஜன்னல் திறக்கவில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, பனியில் நடந்து, பூந்தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனவர் இவர்தான். பாட்டி தூக்கத்திலேயே போயிருந்தார்.

அதன் பின் அந்த ஜன்னல் 11 வருஷம் மூடியே இருந்தது. "பழக்கம் போகவில்லை" என்றார். "எட்டு அடித்தால் என் கால் தானாக ஜன்னலுக்குப் போகும்."

ஒரு வீடு ஏன் 11 வருஷம் மூடிக் கிடக்க வேண்டும்? இதற்கான பதில் நமக்குப் புதிதல்ல. 1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம், சொத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் சம உரிமை என்கிறது. நல்ல சட்டம், மூத்த மகனுக்கே எல்லாம் என்ற பழைய வழக்கத்துக்கு இடம் கொடுக்காத சட்டம். ஆனால் பெற்றவர் போனதும் வீடு எல்லோருக்கும் பிரிக்காத பொதுச்சொத்தாகிவிடும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் விற்பனை வருடக்கணக்கில் நின்றுபோகும். தோழியின் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர். ஒருவர் கனடாவில், ஒருவர் யாரோடும் பேசாதவர். ஒவ்வொரு பங்காக வாங்கி முடிக்க அவளுக்கும் கணவருக்கும் மூன்று வருஷமும், பாரிஸில் இருந்த சின்ன அடுக்ககமும் போயின. பிரான்சின் கிராமங்களில் சாத்திய ஜன்னல்களைப் பார்க்கும் பயணிகள் 'அழகான பழைய வீடு' என்று படமெடுத்துப் போகிறார்கள். பல வீடுகளின் பின்னால் தீராத ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது.

வாரிசுகள் மட்டும் காரணமில்லை. இந்த மாவட்டமே காலியானது. 1851-இல் லோத்தில் சுமார் 2,96,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 1,75,000. 1870களில் ஃபைலோக்ஸெரா பூச்சி வந்து திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்றது. அந்தக் கொடிகளை நம்பியவர்கள் நகரங்களுக்குப் போனார்கள். மிச்சமிருந்த இளைஞர்களை 1914-இன் போர் எடுத்துக்கொண்டது. கிராமத்துத் தேவாலயத்தின் முன்னால் நிற்கும் நினைவுத் தூணில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருவதைப் பார்த்தேன். அண்ணன் தம்பிகளாக இருக்கலாம், சிற்றப்பா பெரியப்பா பிள்ளைகளாக இருக்கலாம். அந்தப் பெயரில் இப்போது ஊரில் யாரும் இல்லையாம்.

முதல் இரண்டு நாளும் என்னை எந்த வேலையும் செய்யவிடவில்லை. தட்டைக் கழுவப் போனால் வாங்கி வைத்தாள். ஃபிஜாக்குக்குக் கூட்டிப்போனாள். எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்த ஷாம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர். அவர் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முற்றத்தில், அந்த எழுத்தைப் படிக்க அவருக்கு வழிகாட்டிய ரொசெட்டா கல்லைப் பல மடங்கு பெரிதாக்கிக் கறுப்புக் கிரானைட்டில் தரையாகவே போட்டிருக்கிறார்கள், எழுத்துகளின் மேல் நடக்கலாம். புதுச்சேரியில் ஓலைச்சுவடிகளோடு வேலை பார்த்த என் தோழிக்கு இந்த ஊர் ஏன் பிடிக்கும் என்று தெரிந்தது. செங்குத்துப் பாறையில் கட்டிய யாத்திரை ஊரான ரோகமதூருக்கும் போனோம். கூட்டம். அதன் பெயரைத் தாங்கிய, முப்பத்தைந்து கிராம் எடையுள்ள சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸைத் தின்றதுதான் எனக்கு அங்கே நினைவில் நிற்பது.

மூன்றாம் நாள் காலை அவள் கணவர் ஒரு கூடையை என் முன்னால் வைத்தார். "போதும்" என்று தமிழில் சொன்னார். விருந்தாளியாக இருந்தது போதும் என்று அர்த்தம். கூடை நிறைய வால்நட்.

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. என் தோழிக்கும் உடனே புரிந்தது. எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த மூன்றாவது நாள், என் அம்மா ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை அவள் முன் வைத்து, "உரி" என்றார். ஒரு சொல்தான். அதுவரை அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்குப் பிறகு 'ஏய் பொண்ணே' என்றுதான் கூப்பிட்டார். "அன்னைக்குத்தான் நான் உங்க வீட்டுக்கு வந்தேன் அக்கா" என்றாள் இவள், கூடையை என் பக்கம் தள்ளியபடி.

அக்டோபர் அங்கே வால்நட் மாதம். தானாக விழும், கீழே கிடப்பதைப் பொறுக்க வேண்டும். ஈரத்தில் அதிக நாள் விட்டால் கறுத்துவிடும். மர்போ, கோர்ன், க்ராந்ழான், ஃப்ராங்கெத் என்று வகைகள் உண்டு. இந்த நான்கையும்தான் 2002 முதல் 'பெரிகோர் வால்நட்' என்ற பாதுகாக்கப்பட்ட பெயரில் விற்கலாம். வீட்டின் பின்னாலிருக்கும் மூன்று மரங்களும் மர்போ, இந்த மாவட்டத்துக்கே உரிய வகை. பாட்டியின் மாமனார் நட்டவை. ஓட்டின் மேலிருக்கும் பச்சைத் தோல் கையில் பட்டால் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும், சோப்புக்குப் போகாது. மரச்சாமான்களுக்குச் சாயம் பூச அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு நாளில் என் விரல் நுனிகள் மருதாணி வைத்து ஒரு வாரமானதுபோல் இருந்தன.

கூடையில் இருந்தது புதிதாக விழுந்த காய் இல்லை, போன வருஷத்துக் காய்ந்த சேமிப்பு. புதிய காயைப் பரப்பப் பரணில் இடம் வேண்டும், அதற்காகப் பழையதை உடைத்துத் தீர்க்கிறார்கள். உடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மடியில் பலகை, கையில் சின்ன மரச்சுத்தி. காயை நிமிர்த்திப் பிடித்து மூக்கின் மேல் ஒரே தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெதுவாகத் தட்டினால் ஓடு திறக்காது. முழுப் பாதியாக வரும் பருப்பு ஒரு கிண்ணத்துக்கு, உடைந்தது இன்னொரு கிண்ணத்துக்கு. முன்பெல்லாம் குளிர்கால இரவுகளில் பெண்கள் வீடு வீடாகக் கூடி இதைச் செய்திருக்கிறார்கள், அதுவே கூலி வேலையாகவும் இருந்தது. உடைந்த பருப்பு செக்குக்குப் போகும். அரைத்து, வாணலியில் லேசாக வறுத்து, பிறகு ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டு கிலோ பருப்பு வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, முதல் நாள் சூப்பில் அவள் ஊற்றிய எண்ணெயை வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் எதிர்வீட்டுப் பாட்டி தன் சுத்தியை அங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். அவர் தட்டும் சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது. அவர் கிண்ணத்தில் எல்லாமே முழுப் பாதிகள். என் கையைப் பிடித்து, காயை எந்தச் சாய்வில் நிறுத்த வேண்டும் என்று காட்டினார்.

அந்தப் பிற்பகலில் அவர் நிறையச் சொன்னார். தண்ணீரைப் பற்றித்தான் அதிகம். இந்தக் கல் நிலத்தில் மழை நிற்காது, பிளவுகள் வழியே கீழே போய்விடும். நிலத்துக்கு அடியில் ஆறே ஓடுகிறது. பக்கத்தில் பதிராக் என்ற பெரும் பள்ளத்துக்குள் 1889-இல் மர்த்தெல் என்பவர் கயிற்றில் இறங்கி, தரையிலிருந்து 103 மீட்டர் ஆழத்தில் படகு விடக்கூடிய ஆற்றைக் கண்டார். மேலே மக்கள் தாகத்தோடு இருக்கிறார்கள், காலுக்குக் கீழே ஆறு. ஆகவே ஒவ்வொரு வீட்டின் கூரை நீரும் ஒரு தொட்டிக்கு வரும். பொலேக்கு அடியில் இருக்கும் இந்த வீட்டுத் தொட்டியைத் திறந்து காட்டினார்கள், கல்லால் கட்டியது. மேய்ச்சல் நிலங்களில் ஆடு குடிக்கப் பாறையைக் குடைந்த சின்னக் குளங்கள் உண்டு, அவற்றை வெட்டியவர் நாம்ஃபேஸ் என்ற புனிதர் என்று ஊர் சொல்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி சிறுமியாக அந்தக் குளங்களுக்கு ஆடு ஓட்டிப் போயிருக்கிறார். இந்த மண்ணுக்கே உரிய ஆடுகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், மை தீட்டியதுபோல. குழாய் வந்த நாளில் அம்மாவும் மகளும் குழாயைத் திறந்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டே நின்றார்களாம். இதைச் சொல்லும்போது தட்டுவதை நிறுத்திவிட்டார். தெருக்குழாயில் இரண்டு குடத்துக்காக விடியற்காலை நின்ற வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்த நிற்றல் எனக்குத் தெரியும்.

இரவு சாப்பிட அவரையும் நிறுத்திக்கொண்டோம். கிண்ணத்தின் அடியில் சூப் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, கறுப்பாகத் தெரியும் காவோர் திராட்சை மதுவை அதில் ஊற்றி, சுழற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். ஷப்ரோ என்பார்கள், அந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய வழக்கம். நாம் தட்டில் மிஞ்சிய ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிப்போமே, அந்த நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

அவர் என்னை ஒருமுறைகூட ஒருமையில் அழைக்கவில்லை. பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு. என் தோழியின் பாட்டியை எப்படி அழைத்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் என்றுதான். அறுபது வருஷமும்" என்றார். சண்டை போட்டபோதும் நீங்கள்தானாம். 'நீங்கள் பொய் சொல்கிறீர்கள், உங்கள் கோழி என் தோட்டத்துக்குள் வந்தது' என்று சண்டை. இறந்து கிடந்த அந்தக் காலையிலும், கட்டிலருகே போய்த் தோளைத் தொட்டு, "நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்றுதான் கேட்டாராம்.

மேசையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் தோழி எழுந்து போய் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டாள்.

மீதியிருந்த ஐந்து நாட்களும் காலை முதல் மணிக்குக் காலைத் தரையில் வைத்தேன். இரண்டாவது மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். எதிரே உருவம் நிற்கும். இரண்டாம் நாளிலிருந்து அவரும் கையைத் தூக்கினார். அசைக்க மாட்டார், தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு நாள் இரவெல்லாம் மழை. காலையில் எதிர்வீடே தெரியாத மூட்டம். அப்போதும் கையைத் தூக்கினேன். அந்தப் பக்கமும் தூக்கியிருப்பார்.

கிளம்பும் நாளில் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஐந்தரைக்கே எழுந்து பெட்டியைப் பூட்டிவிட்டு, கடைசியாக ஒருமுறை என்று ஜன்னலின் கொக்கியில் கை வைத்தேன். வாசலில் நின்ற தோழி பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அக்கா. இருட்டுல தொறந்து கெடந்தா அவங்க பயந்துடுவாங்க. எட்டு மணிக்கு நான் தொறக்குறேன்."

"தினமுமா?"

"தினமும். நாங்க இந்த ரூமுக்கே மாறிக்கிறோம்."

விரிப்பை மடித்து, சிவப்பு எழுத்து மேலே வரும்படி கட்டிலில் வைத்தேன். அவள் என் பையில் எண்ணெய்ப் புட்டி ஒன்றையும், முழுப் பாதிகள் மட்டும் நிரப்பிய ஒரு துணிப்பையையும் செருகினாள். துணிப்பை எதிர்வீட்டிலிருந்து வந்தது. படி இறங்கி வண்டியில் ஏறும்போது எதிரே எல்லாம் இருட்டு, அவருடைய ஜன்னலும் சாத்தியிருந்தது.

பிரீவில் பாரிஸ் ரயிலுக்காகக் காத்திருந்தபோது நடைமேடைக் கடிகாரத்தில் எட்டு ஆனது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. காப்பி வாங்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். எட்டு இரண்டு ஆனதும் எழுந்து போனேன்.